கிரேஸ் போட்ட ஸ்டேட்டஸும் திருப்புட்குழிக் கிணறும்

காலை ஏழு மணிக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்து, சமையலறை முழுக்கத் தீய்ந்த வாடை வீசியது. ஜீவிதா அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். ஆனால் கண் போனில் இருந்தது. போனில் பக்கத்து வீட்டு கிரேஸ் இருந்தாள். அதுவும் சும்மா இல்லை, இலங்கையில் ஒரு காட்டாற்றில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரப்பர் படகில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய பத்து வயது மகன், துடுப்பைத் தூக்கிக் காட்டிக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பால் வழியுதும்மா!" என்று கூடத்திலிருந்து கத்தினான் அவள் கணவன் பழனி.

"வழியட்டும். ஊர்ல அவங்கவங்க ஃபாரின் போய்க்கினு இருக்காங்க. இங்க பால்தான் ஒண்ணு கொறச்சல்," என்றாள் ஜீவிதா.

ஜீவிதாவும் கிரேஸும் பள்ளியில் ஒரே பெஞ்ச். அப்போதே ஜீவிதா கணக்கில் எண்பது வாங்கினால் கிரேஸ் எண்பத்திரண்டு வாங்குவாள். அந்த இரண்டு மார்க் இருபது வருஷமாக ஜீவிதாவின் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. இப்போது கிரேஸ் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஜீவிதா சின்ன காஞ்சிபுரத்தில் புடவை டிசைன் போடுகிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். ஊரிலிருந்து திரும்பிய கிரேஸ், ஒரு பொட்டலம் முந்திரி மிட்டாய் கொண்டு வந்து கொடுத்தாள். "இதெல்லாம் யாரு தின்றது?" என்று ஃப்ரிட்ஜின் மூலையில் தூக்கிப் போட்டாள் ஜீவிதா. பிறகு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அத்தனையையும் தானே தின்று தீர்த்தாள். நன்றாக இருந்ததில்தான் அவளுக்கு இன்னும் கோபம்.

அவள் தொழில் என்ன என்று தெரிந்தால்தான் அடுத்து அவள் செய்தது புரியும். வேறு கடைப் புடவை ஒன்று பிடித்துப்போனால் முதலாளிமார்கள் அதைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். ஜீவிதா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, புள்ளி புள்ளியாக எண்ணி, கம்ப்யூட்டரில் அப்படியே இறக்கிவிடுவாள். பார்டரில் மட்டும் இரண்டு அன்னப்பட்சியைக் கூடச் சேர்ப்பாள். அவ்வளவுதான், அது இவர்கள் டிசைன் ஆகிவிடும். பதினோரு வருஷப் பழக்கம். கை தானாகப் போகும்.

கிரேஸ் போட்ட ஸ்டேட்டஸ்கள் மொத்தம் நாற்பத்து மூன்று. ஒன்று விடாமல் படம் பிடித்து வைத்துக்கொண்டாள் ஜீவிதா. எந்த நாள் எந்த இடம், பையன் எதில் ஏறினான், எங்கே இறங்கினான் என்று பிரித்து எழுதினாள். பிறகு அன்னப்பட்சிகளைச் சேர்த்தாள். அவர்கள் நாலு நாள் என்றால் நாம் ஆறு நாள். அவர்கள் இலங்கை என்றால் நாம் பாலித் தீவு. அவர்கள் பையன் படகோடு சரி. நம் பிள்ளைகள் படகிலும் போவார்கள், அருவி மேலிருந்தும் குதிப்பார்கள். இரண்டு வருஷமாக வீடு பூச என்று சேர்த்து வைத்திருந்த பணம் பாலிக்குப் போகத் தயாரானது.

டிராவல்ஸ்காரர் உமாபதி போனில் ஒரு படிவம் அனுப்பினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கேள்வி. ஆறு வயது சுகாசினிக்கு அருவி கிடையாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பத்து வயது விஷாலுக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது: பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?

தெரியும் என்று தட்டினாள் ஜீவிதா.

எட்டிப் பார்த்த பழனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா ஜீவி இது! அவன் கோயில் குளத்துல கடைசிப் படியில கால் வைக்கவே அழுவான். உனக்குத் தெரியாதா?"

"போறதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்குது. கத்துக்குவான்."

"அம்மா, எனக்கு வேணாம்மா," என்றான் விஷால். ஆமைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை மடியில் வைத்திருந்தான். "நீங்கள்லாம் குதிங்க. நான் கீழ நின்னு பாத்துக்கினு இருக்கறேன்."

"கிரேஸ் ஆண்ட்டி பையனும் உன் கிளாஸ்தானே? அவனுக்கு மட்டும் தைரியம் கடையிலயா வாங்கியாந்தாங்க?"

பையன் புத்தகத்தை மூடிவிட்டான். அதன் பிறகு அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் திருப்புட்குழிக்குப் போனார்கள். அங்கே ஜீவிதாவின் பெரியப்பா நிலத்தில் மோட்டார் கிணறு ஒன்று உண்டு. பழனிக்கு நீச்சல் தெரியும். சுகாசினியைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு, காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றை மகன் முதுகில் கட்டினான். கயிறு பத்தவில்லை.

"ஒத்த முடிச்சுதான் போட்டிருக்கறேன். மோட்டார் கொட்டாயில கயிறு இருக்கும், எடுத்தாறேன். அதுவரைக்கும் தண்ணிகிட்ட போவாதீங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனான்.

தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே இருந்த கல்படியில் விஷால் நின்றான். பின்னாலேயே போனும் கையுமாக ஜீவிதா. வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்து பச்சையாகப் பளபளத்தது. அவளுடைய டிசைன் கண்ணுக்கு அது பிடித்துப்போயிற்று. இப்போது எடுத்தால் வீடியோ அள்ளும். பாலிக்குத் தயாராகிறோம் என்று ஒரு வரி போட்டு ஸ்டேட்டஸ் வைத்தால், கிரேஸ் வீட்டில் எல்லார் முகமும் எப்படிப் போகும்! நினைக்கவே இனித்தது.

"குதிடா செல்லம்."

"அப்பா வரட்டும்மா."

"அப்பா வர்றதுக்குள்ள வெயில் போயிடும். கேன் இருக்குதுல்ல? குதி!"

பையன் குதிக்கவில்லை. ஜீவிதாவின் கை நீண்டது.

தண்ணீரில் விழுந்த வேகத்தில் முடிச்சு அவிழ்ந்தது. கேன் மட்டும் ஜாலியாக மேலே வந்து மிதந்தது. பையன் வரவில்லை. ஜீவிதா போட்ட அலறலில் பழனி ஓடி வந்து, போட்ட சட்டையோடு குதித்தான். ஒரு முறை முங்கி வெறுங்கையோடு எழுந்தான். ஜீவிதாவுக்கு உலகமே அற்றுப்போயிற்று. பாலியும் இல்லை, கிரேஸும் இல்லை, அந்தப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது முறை முங்கியவன் கையில் தலைமுடி சிக்கியது.

கரையில் போட்டதும் விஷால் வயிறு குலுங்க இருமி, தண்ணீரைக் கக்கினான். உதடு நீலம் பாரித்திருந்தது. அம்மாவின் கையில் போன் இருப்பதைப் பார்த்தான். பல் கிடுகிடுக்கக் கேட்டான்:

"வீடியோ நல்லா வந்துச்சாம்மா? இன்னொரு தபா குதிக்கணுமா?"

ஜீவிதா போனைக் கீழே போட்டாள். பையனை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நேராக மருத்துவமனைக்கு ஓடினார்கள். அன்று வார்டில் இருந்தது யார் என்கிறீர்கள், கிரேஸ்தான். டாக்டர் நெஞ்சைச் சோதித்து, உயிருக்கு ஆபத்தில்லை, நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். விஷால் தூங்கிய பிறகு, வராந்தா பெஞ்சில் இரண்டு தோழிகளும் உட்கார்ந்தார்கள். மறுபடியும் ஒரே பெஞ்ச்.

ஜீவிதா எதையும் மறைக்கவில்லை. வீடியோவை ஓடவிட்டுக் காட்டினாள். கடைசியில் திரையின் ஓரத்திலிருந்து வளையல் போட்ட கை ஒன்று நீண்டு பையன் முதுகைத் தள்ளியது.

"என் கைடி அது. உன்னைப் பாத்துப் பொறாமை, கிரேஸ். நீ படகுல சிரிச்சது என்னால தாங்க முடியல. உன்னை ஜெயிக்கணும்னு என் புள்ளைய தள்ளிவுட்டேன்."

கிரேஸ் போனை வாங்கிப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள். பிறகு தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பையன் ஒரு வருஷம் நீச்சல் கிளாஸ் போனான் ஜீவி, சனிக்கிழமை தவறாம. அப்படியும் அந்த ஆத்தைப் பாத்துட்டு மொத நாள் ஏறமாட்டேன்னு உருண்டு பொரண்டு அழுதான். திரும்பி ரூமுக்கே வந்துட்டோம். ரெண்டாவது நாள் கரையிலயே உக்காந்துக்கினு இருந்தோம். மூணாவது நாள் அவனே போலாமான்னு கேட்டான். நீ பாத்தது அந்த மூணாவது நாள் வீடியோ."

"அழுததை ஏன்டி போடல?"

"அதை யாருமா ஸ்டேட்டஸ்ல போடுவாங்க?" என்றாள் கிரேஸ். "என் மேலயும் தப்பு இருக்குது. மிட்டாய் குடுக்க வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு."

ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள். போட்டோவில் புடவையின் முன்பக்கம்தான் தெரியும், பின்பக்கம் நூல் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் டிசைன் போடாதே என்று புதுப் பெண்களுக்கு அவளே எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்!

மறுநாள் காலை விஷால் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். இத்தனை நாளில் கேட்காத கேள்வியை ஜீவிதா அப்போதுதான் கேட்டாள்.

"உனக்கு அங்க இன்னாப்பா பாக்கணும்?"

பையன் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தான். நம்பலாமா என்று யோசித்தவன் மாதிரி இருந்தது.

"ஆமைக் குஞ்சுங்களக் கடல்ல விடுவாங்களாம். புக்குல போட்டிருக்குது. நாமளும் விடலாமா?"

ஜீவிதா அங்கிருந்தே உமாபதிக்குப் போன் போட்டாள். நீச்சல் தெரியாது என்று படிவத்தைத் திருத்தச் சொன்னாள். அருவியை எடுத்துவிட்டு ஆமையைப் போடச் சொன்னாள்.

"அருவிதாம்மா கெத்தே. ஆமையை வுட்டா யாரு ஸ்டேட்டஸ் பாப்பாங்க? அக்கம் பக்கத்துல எடுப்பா இருக்காதே," என்று இழுத்தார் உமாபதி.

ஜீவிதாவின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

"அக்கம் பக்கத்துக்குக் காட்டறதுக்கா புள்ளைங்களப் பெத்தோம்? அடுத்த வீட்டுப் புள்ள சிரிக்கறதைப் பாத்துப் பொறாமப்பட்டா, நம்ம வீட்டுப் புள்ள அழுவுறது காதுல விழாதுங்க. எனக்கு விழல. என் புள்ள தண்ணிக்குள்ள போன அப்புறம்தான் விழுந்துச்சு. நீங்க ஆமையையே போடுங்க."