பதினொரு கரிக்கோடுகள்

பனிக்காலமெல்லாம் சீறிய வாடை மலைமுகட்டிற்கு அப்பால் ஒதுங்க, பாறையிடுக்குகளில் மஞ்சட்பூக்கள் பொன்துகள் சிந்தினாற்போல் மலர்ந்து மணக்க, தல்மாத்தியத் தீவொன்றின் சிறுதுறை இளவேனிற் காலையொளியில் கண்விழித்தது. கரையேறி உறங்கிய படகுகள், கொழுப்புப் பூசிய கட்டைகளின்மேல் ஒவ்வொன்றாய் வழுக்கிச் சென்று கடலைத் தழுவின.

ஒரு படகு மட்டும் ஈராண்டாய் அசையாது கிடந்தது. அது காய்ச்சலில் மாண்ட லோவ்ரேயினுடையது. எழுத்தறியாத அம்மீனவன், வேனில்தோறும் படகை இறக்கும் நாளில் முகப்பின் உட்பலகையில் கரியால் ஒரு கோடு இழுப்பான். அவ்வாறு இழுத்தவை பதினொன்று. அவன் கை இவ்வுலகில் விட்டுச்சென்ற எழுத்து அவையே எனக் கருதி, அவன் மனைவி பெரினா பாய்போர்த்து மழைபடாமல் அவற்றைக் காத்துவந்தாள். புயலுக்குத் தன் படகைப் பறிகொடுத்த கொழுந்தன் பார்த்தூல் பிழைக்க வழியின்றி நின்றமையால், லோவ்ரேயின் படகைக் கடலில் இறக்க அவ்வாண்டு இசைந்தாள்.

உலர்ந்த படகினுள் மூன்று நாள் நீர் நிறைத்துப் பலகைகளை ஊறவைத்த பின்னரே இறக்குதல் அத்துறையின் வழக்கம். பார்த்தூல் வாளியோடு வந்தபோது பெரினா குறுக்கே நின்றாள்.

"ஊறப்போடாம எறக்கினா சல்லடையா ஒழுகும், மதினி. அண்ணன் இருந்தா என்னைத்தான் வைவான்."

"அவரு இருந்தா உன்கிட்ட நான் ஏன் மல்லுக்கட்டுறேன்? ஒரு சொட்டு உள்ள விழக்கூடாது. அப்படியே எறக்குறதுன்னா எறக்கு."

இறக்கினான். விரிந்த இணைப்புகள்தோறும் கடல் புகுந்தது. உச்சிப்பொழுதிற்குள் படகு விளிம்புவரை மூழ்கியது.

"என்ன பார்த்தூல், மீன் புடிக்கப் போனியா, குளிக்கப் போனியா?" என்று நகைத்த ஒருவன், பெரினாவின் முகம் கண்டு தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

"மூணு நாள் கெடக்கட்டும், மதினி. பலகை ஊறி இடுக்கு தானா மூடிக்கும்," என்றான் பார்த்தூல். மூன்று பகலும் அவள் துறைக்கல்லின்மேல் அமர்ந்து, அலை அம்முகப்புப் பலகையைத் தடவித் தடவி மீள்வதை நோக்கியிருந்தாள்.

நான்காம் நாள் நீரை இறைத்தனர். இணைப்புகளில் ஒரு துளியும் கசியவில்லை. முகப்புப் பலகையிலோ ஒரு கோடும் இல்லை. பார்த்தூல் படகுக்குப் பூசும் கீல் காய்ச்சும் அடுப்பிலிருந்து ஆறிய கரித்துண்டொன்றை எடுத்து நீட்டினான்.

"இந்த வருசத்துக்கு நீங்க ஒண்ணு போடுங்க."

அவள் இழுத்தாள். ஈரமரம் கரியை ஏற்கவில்லை, விரல்தான் கறுத்தது.

"காஞ்சதும் போட்டுக்கலாம், மதினி."

"காஞ்சா மறுபடி ஒழுகுமே, தம்பி. நீ கெளம்பு."

பாய் விரிந்தது. நெடுநாள் கரையில் கிடந்த அப்படகு, தன்னைக் காத்தவளைத் திரும்பிப் பாராது, நீருக்குரியதாய் நீரிற் சென்று மறைந்தது. கரையில் நின்ற பெரினா, பொழுது சாயுமளவும் அவ்விரலைக் கழுவினாளில்லை.