பதிலுக்கு விட்ட இடம்

"நான் மாறினா உனக்கு என்ன போச்சு? எல்லாரும் என்னைப் பார்த்து—"

"எல்லாரும், எல்லாரும்! அந்த எல்லாருல நான் இல்லையா?"

"கொஞ்சம் பேசவிடு. நான் சொல்றதை—"

"நீ சொல்றதை இத்தனை நாளா யாரு கேட்டா? நான்தானே கேட்டேன்?"

"அதைத்தான் சொல்றேன்! உன்னைத் தவிர ஒருத்தரும் கேக்கறதில்ல. வாயைத் திறந்தாலே சிரிக்கறாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். என்னைப் பார்த்துச் சிரிக்கலையா?"

"உனக்குப் பழகிடுச்சு. எனக்குப் பழகல. நான் போறேன்."

"போ! நல்லாப் போ! மாறிட்டு வந்தா நீ யாரோ, நான் யாரோ."

ஒரு கார்ட்டூன் படத்தில் முள்ளம்பன்றியும் வௌவாலும் போடுகிற சண்டை இது. முள்ளம்பன்றியின் பெயர் முள்ளன். குத்திவிடும் என்று காட்டில் யாரும் அதைக் கிட்டே அண்டவிடுவதில்லை. வௌவாலின் பெயர் தொங்கி. பறவைகளிடம் போனால் உனக்குப் பல் இருக்கிறதே என்று துரத்தும். விலங்குகளிடம் போனால் உனக்கு இறக்கை இருக்கிறதே என்று துரத்தும். யாருக்கும் வேண்டாத இந்த இரண்டும் ஒரே மரப்பொந்தில் மழைக்கு ஒதுங்கி, அண்ணன் தங்கை ஆகிவிடுகின்றன. ஒருநாள் தொங்கி, கீழே கிடக்கிற இறகுகளைப் பொறுக்கி உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு பறவைகளோடு சேரக் கிளம்புகிறது. அப்போது வருகிற சண்டைதான் அது. பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். பென்சிலுக்கு அடித்துக்கொள்கிற வாண்டுகள்கூட "நீ யாரோ, நான் யாரோ" என்று தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டுதான் சொல்லும்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. முள்ளனுக்குக் குரல் கொடுத்தது ஒரு பெண். தொங்கிக்குக் குரல் கொடுத்தது ஓர் ஆண்.

அவள் குரல் தகர டப்பாவில் ஜல்லியைக் கொட்டினாற்போல இருக்கும். பஸ்ஸில் பின்னாலிருந்து டிக்கெட் கேட்டால் கண்டக்டர் திரும்பாமலே "எங்க சார் போகணும்?" என்பார். திரும்பிப் பார்த்ததும் அவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு டிக்கெட் போடலாம். அவன் குரலோ நூல் மாதிரி. பெண் வீட்டார் ஒருமுறை போன் செய்தபோது எடுத்துப் பேசியவனிடம், "மாப்பிள்ளை இருந்தா கொஞ்சம் கூப்பிடும்மா" என்றார்களாம். அந்தச் சம்பந்தம் அந்தப் போனோடு சரி.

டப்பிங் தியேட்டரில்தான் இருவரும் பழகினார்கள். கூட்டத்தின் இரைச்சலுக்குப் பத்துப் பேரை மைக் முன்னால் நிற்கவைத்தால், இவர்கள் குரல் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும் என்று இரண்டு பேரையும் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த வரிசையில் ஒருநாள் அவன், "என்ன அண்ணே, உங்களையும் இங்கதான் போட்டாங்களா?" என்றான். அவள் சும்மா விடுவாளா? "ஆமாம் பாப்பா, நீ பயப்படாம என் கையைப் பிடிச்சுக்க" என்றாள். கேலியாகத்தான் தொடங்கியது. கேலி எப்போதோ போய்விட்டது. அண்ணனும் பாப்பாவும் நின்றுவிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சித் தூக்கோடு பாப்பாதான் வந்து நிற்பான். அவனுக்குச் சட்டை எடுக்க வேண்டுமென்றால் அண்ணன் கூடப் போகாமல் நடக்காது.

கார்ட்டூன் படம் வந்தபோது இந்த இரண்டு குரலையும் பிடித்து ஒரே மைக் முன்னால் நிறுத்தினார் டைரக்டர். அவன் இடது பக்கம், அவள் வலது பக்கம். கண் இரண்டும் திரையில் இருக்கவேண்டும், பக்கத்து ஆளைப் பார்க்க நேரமிருக்காது. அதனால் அவள் தன் வசனம் முடிகிற இடத்தில் முழங்கையால் அவனை லேசாக ஓர் இடி இடிப்பாள். அவன் பதிலைத் தொடங்குவான். ஒருதரம்கூடத் தப்பியதில்லை.

டப்பிங்கில் கதை வரிசையாக வராது. முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் பேசவைப்பார்கள். ஒருநாள் காலையில் பேசியது சமாதானக் காட்சி. மழையில் பசை கரைந்து, இறகெல்லாம் உதிர்ந்து, பறவைகளும் துரத்திவிட்டுச் சேற்றில் கிடக்கும் தொங்கி. முள்ளையெல்லாம் மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரும் முள்ளன்.

"தொங்கி, இன்னும் என்மேல கோவமா?"

"கோவிச்சுக்க எனக்கு வேற யாரு இருக்கா?"

பேசி முடித்தபோது ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

அன்று மத்தியானம் டீ குடிக்கும்போது அவன் சொன்னான், தொண்டையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன், குரல் கனமாகிவிடுமாம், தேதிகூட வாங்கியாகிவிட்டது என்று. அவள் வாய் திறப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் வந்தது சண்டைக் காட்சி.

தாளில் இருந்த வசனம் வேறு. "போகாதே தொங்கி, நீ போயிட்டா நான் தனியாயிடுவேன்" என்பதுதான் முள்ளன் சொல்லவேண்டியது. அவளுக்கு அது வாயில் வரவில்லை. அவ்வளவு நிஜமாக இருந்ததை மைக்கில் எப்படிச் சொல்வது? வந்ததெல்லாம் வேறு. அவனும் தாளை விட்டான். மிருகங்களின் வாய் திறந்து மூடுகிற கணக்குக்குள்ளேயே இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சண்டை போட்டார்கள். "பிரமாதம்! இதையே வச்சுக்கலாம்!" என்று கத்தினார் டைரக்டர். அவன் ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனவன்தான்.

ஆக, படத்தில் சண்டை போட்டுச் சமாதானமானார்கள். நிஜத்தில் சமாதானத்தைக் காலையிலேயே செலவழித்துவிட்டு மத்தியானம் சண்டை போட்டார்கள்.

அதற்குப் பிறகு தியேட்டரில் ஒவ்வொருவராகத் தனித்தனியே பேசவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அவள் தாத்தாக்களுக்கும் கரடிகளுக்கும் பேசினாள். முழங்கை மட்டும் பழக்கம் விடாமல், வசனம் முடியும்போதெல்லாம் இடது பக்கம் காற்றை இடித்துவிட்டு வந்தது.

பல வருஷம் கழித்து இப்போது அந்தப் படத்தைத் திரும்ப வெளியிடப் போகிறார்கள். மூலப் பிரதியில் ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் ஒலி கெட்டுப்போயிருந்தது. சமாதானக் காட்சி. அதை மட்டும் புதிதாகப் பேசவேண்டும். தொங்கிக்கு ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அவள் பிறகு வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போவாள். முள்ளனுக்கு இவளைத்தான் கூப்பிட்டார்கள்.

"அக்கா, வாயசைவெல்லாம் சரியா உக்காருது," என்றார் சவுண்ட் இன்ஜினியர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ஆனா..."

"ஆனான்னா?"

"சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு."

"எதிர்ல சுவர்தானே இருக்கு? நீ என்ன ராஜகுமாரனையா நிறுத்தி வச்சிருக்க?"

"இன்னொரு தரம் போலாம்."

"எத்தனை தரம் போனாலும் சுவர் சுவராத்தான் இருக்கும். எனக்குப் பக்கத்துல ஆள் வேணும்."

"அந்தப் பொண்ணைக் கூப்பிடட்டுமா?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

தெரிந்திருந்தது. இன்ஜினியர் தன் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் வாங்கியதே அவன் வேலை செய்கிற கடையில்தான். "ஆனா அக்கா, அவர் குரல் இப்ப—"

"குரலை யாரு கேட்டா? நாளைக்குக் காலைல வரேன். ஆளோட வரேன்."

கடையில் டைல்ஸ் அட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடுக்குக்குப் பின்னால் ஒரு கனத்த குரல், "குழந்தை இருக்கற வீடுன்னா இதைப் போடுங்க சார், தண்ணி பட்டாலும் வழுக்காது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் நகர்ந்ததும் அவள் அந்த முதுகுக்கு அருகில் போனாள்.

"சார், இங்க ஒருத்தர் வேலை பாக்கறாரு. ஒல்லியா இருப்பாரு. முன்னாடி டப்பிங்ல—"

முதுகு திரும்பியது. ஒல்லியெல்லாம் இல்லை. தொப்பை, மூக்குக்கண்ணாடி, கடையின் பெயர் போட்ட சட்டை.

"இப்பவும் தெரியலையா?" என்றான்.

"எப்படித் தெரியும்? ஆளையே மாத்திப் போட்டிருக்க. அதென்ன, இப்பவும்?"

"ஒண்ணுமில்ல மேடம். சொல்லுங்க, தரைக்கா, சுவத்துக்கா?"

"மேடமா? என்னைப் பார்த்து மேடம்னு கூப்பிட்ட முதல் ஆள் நீதான்."

அவன் சிரிக்கவில்லை. ஓர் அட்டையை எடுத்து வேறிடத்தில் வைத்தான். பிறகு அதையே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான்.

"ஆபரேஷன் முடிஞ்சு பேசவே கூடாதுன்னு வச்சிருந்தாங்க," என்றான். "பேசலாம்னு சொன்ன அன்னிக்கு உனக்குத்தான் போன் பண்ணேன். இந்தக் குரல்ல முதல் முதலா வந்த வார்த்தை 'அண்ணே'ங்கறதுதான்."

"எனக்கா? எனக்கு நீ போனே—"

"'எவன்டா நீ, வீட்ல அக்கா தங்கச்சி இல்லையா, வைடா போனை'ன்ன."

அவளுக்கு நினைவு வந்தது. அந்த நாட்களில் யாராவது பொழுதுபோகாத பயல் போன் செய்து "அண்ணே, சவுக்கியமா?" என்று அவள் குரலைக் கேலி செய்வது வழக்கம்தான். அவற்றில் ஒன்று என்றுதான் திட்டி வைத்தாள். குரலை வைத்தே பிழைக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு யார் இருமுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

"அது நீயா?"

"நான்தான், யாரோ."

"அடப் பாவி! தெரிஞ்சு போனை வைக்கல. எவனோ கிண்டல் பண்றான்னு நினைச்சு... திரும்ப ஒருதரம் போட்டிருக்கலாமே?"

"நீ சொன்ன மாதிரியே செஞ்சுட்டன்னு நினைச்சேன். மாறிட்டு வந்தா யாரோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என் பொண்ணு தினமும் அந்தப் படத்தைத்தான் போடறா. தொங்கி நான்தான்டின்னு சொன்னா, பொய் சொல்லாதப்பாங்கறா. சண்டை வந்தா அவளும் கூடவே கத்தறா. தினமும் எங்க வீட்டுக் கூடத்துல நீ என்னைத் திட்டற அண்ணே."

அண்ணே என்றது இருவர் காதிலும் விழுந்தது. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"அப்புறம் சமாதானம் ஆகுதே. அதையும்தானே பாக்கற?"

"அது காலைல பேசினது. சண்டை மத்தியானம்."

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அந்தக் காட்சி மட்டும் கெட்டுவிட்டது, நாளைக் காலையில் பேசவேண்டும், இடது பக்கம் வந்து நின்றால் போதும்.

"இந்தக் குரலை வச்சு என்ன பண்றது?"

"குரல் வேணாம். நீ வந்து நில்லு."

"அன்னிக்கு அந்தக் குரல் இருந்தாத்தான் நான் வேணும். இன்னிக்கு குரல் வேணாம், நான் மட்டும் வேணும். ஏதாவது ஒரு முடிவுக்கு வா."

"எனக்கு எழுதிக் கொடுத்ததைப் பேசத்தான் வரும். எழுதாததைப் பேசித்தான் இவ்வளவும் ஆச்சு. அன்னிக்கு தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவன் அவளைப் பார்த்தான். இருக்கிறது என்று முகம் சொன்னது. அதற்குள் முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"கடை நேரம்," என்றுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவள் சீக்கிரமே வந்து மைக்குக்கு வலது பக்கத்தில் நின்றுகொண்டாள். இன்ஜினியர் டீ குடித்தார். ஒயரைச் சரிபார்த்தார். ஏற்கெனவே சரிபார்த்த ஒயரை மறுபடியும் சரிபார்த்தார்.

"அக்கா, ஆரம்பிச்சுடலாமா?"

"ஏசி ரொம்பக் குளிருது. குறை."

குறைத்தார்.

"இப்ப?"

"இப்ப புழுங்குது."

கனத்த கதவு திறந்தது. கையில் ஹெல்மெட், கடைச் சட்டை, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்த வெறுங்கால். அவன் யாரையும் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைச் சத்தமில்லாமல் மூலையில் வைத்தான். நேராக வந்து, யாரும் காட்டாமலே, இடது பக்கம் நின்றான். தொப்பை மைக் கம்பியில் இடித்ததும் அரையடி பின்னால் போனான்.

"அண்ணா, ரொம்ப தேங்க்ஸ்," என்றார் இன்ஜினியர். "உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்லிடறேன். அக்கா பேசி முடிச்சதும் பதில் வர்ற இடத்தை அப்படியே காலியா விடணும். அந்தப் பொண்ணு குரலை அதுலதான் வைக்கப்போறோம். உங்க சத்தம் துளி விழுந்தாலும் டேக் வீணாயிடும். மூச்சுகூட மெதுவா."

அவன் தலையை ஆட்டினான்.

அவள் திரும்பவில்லை. பக்கத்தில் அவன் மூச்சு கேட்டது. குரலை மாற்றியவர்கள் மூச்சை மாற்றவில்லை. உள்ளே இழுக்கும்போது வருகிற அந்தச் சின்ன விசில் அப்படியே இருந்தது. போனில் இதைக் கேட்டிருக்கலாம். ஒரு நொடி பொறுத்திருந்தால் கேட்டிருக்கலாம்.

விளக்கு அணைந்தது. சிவப்பு எரிந்தது. திரையில் மழை. சேற்றில் இறகுகள். முள்ளை மடக்கிக்கொண்டு முள்ளன் நடந்து வந்து உட்கார்ந்தது. வசனம் முடிகிற இடத்தில் இடிக்கவேண்டிய முழங்கை, இன்னும் தொடங்காதபோதே அவன் கையை ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் கை விலகவில்லை. அவள் கையில் தாள் இருந்தது. தாளில் தொங்கி என்றுதான் எழுதியிருந்தது.

"பாப்பா, இன்னும் என்மேல கோவமா?"