மூன்றாவது அறையின் மூடி

டேங்கர் லாரியின் மேல் ஏறி மூன்றாவது அறையின் மூடியைத் திறந்தபோதும் மூக்கருக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் இரண்டிலும் அப்படித்தான். குனிந்து, முகத்தைத் துவாரத்துக்கு மேலே கொண்டுபோய், வழக்கம்போல மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தார். கண்ணாடியை முகர்ந்தது போல இருந்தது.

எண்ணெய்க் கிடங்கில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் மூக்கர்தான். டீசல் ஏற்றுவதற்கு முன் லாரியின் அறைகளில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. டீசல் சாது, லேசில் பற்றாது. ஆனால் பெட்ரோல் இறக்கிய அறைக்குள் டீசலைக் குழாயில் விடும்போது, ஓட்டத்தில் பிறக்கும் மின்சாரம் ஒரு பொறியாகத் தெறித்தால் போதும், உள்ளே மிச்சமிருக்கும் ஆவி பிடித்துக்கொள்ளும். ஆவியைக் காட்டிக்கொடுக்க ஒரு மீட்டர் உண்டு. அது கெட்டுப்போய் எட்டு மாதமாகிறது. நம்ம மூக்கர் இருக்காருல்ல என்று மேலாளர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஒன்றரை மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் நான்கே நாளில் போய்விட்டது; போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் கருகியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் மோப்பம் பிடிக்கத் தெரியுது, வீட்டுக்குன்னா மட்டும் மூக்கு லீவு போட்டுருமா?" என்றாள் மனைவி. அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்; அப்போது என்ன முகம் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மூக்கு போனால் வேலையும் போகும். அதை நினைத்தும் பெரிதாகப் பயம் வரவில்லை. சோறு வெறும் சூடாக மட்டும் தொண்டையில் இறங்கியது போலவே எல்லாம் இறங்கியது. ஒவ்வொரு லாரியிலும் முந்தைய நடையில் என்ன ஏற்றிப் போனது என்ற சீட்டைப் பார்த்தார், குனிந்தார், "சரி" என்றார். இதுவரை முந்நூற்றுப் பதினோரு லாரி. எண்ணிக்கை மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

கீழே நின்ற டிரைவர் அவர் மனைவியின் தம்பி. "என்ன மாமா, உள்ள இறங்கிக் குடித்தனம் நடத்தப் போறீங்களா? மூணுலயும் டீசல்தான் போச்சு. சீட்டைப் பாருங்க."

சீட்டில் அப்படித்தான் இருந்தது. "சரி" நாக்கு நுனிவரை வந்தது. கீழே அவன் அண்ணாந்து சிரித்துக்கொண்டு நின்றான். சிரித்தால் அப்படியே அக்கா முகம். மூக்கர் எண்ணெயின் ஆழம் பார்க்கும் அளவுகோலின் நுனியில் அறைக்கொரு துணியைக் கட்டி, ஒவ்வொன்றின் அடியையும் துடைத்து எடுத்தார். முதல் இரண்டு துணியும் விரலில் பிசுபிசுத்தன. மூன்றாவது சில்லென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தும் போனது.

"மூணாவதுல பெட்ரோல் போயிருக்கு, மாப்ளே."

அவன் சிரிப்பு வடிந்தது. "நேத்து ஒரே ஒரு நடை மாமா. அவசரம்னாங்க. சீட்டை மாத்தி எழுதச் சொன்னதே லாரி முதலாளிதான். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சத்தம் கேட்டு மேலாளர் வந்துவிட்டார். "பாத்தியாடா, மூக்குன்னா இதுதான் மூக்கு! மீட்டரை ரிப்பேருக்கு அனுப்பணும்னு இன்னிக்குத்தான் லெட்டர் டைப் பண்ண வச்சேன்." சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "தண்டச் செலவு."

மூக்கர் ஏணியில் நிதானமாக இறங்கினார். தரையில் கால் வைத்த பிறகுதான் பேசினார்.

"வேற லெட்டர் போட்டுருங்க சார். எனக்கு வாசனை தெரியாது. ஒன்றரை மாசமாச்சு."

"குசும்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல உமக்கு."

"துணியைத் தொட்டுப் பாத்துத்தான் சொன்னேன் சார். மூக்கால இல்ல."

டிரைவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். "அப்போ போன வாரம் நான் ஏத்தினப்ப?"

"அப்பவும்தான்."

மேலாளர் கிழித்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த லாரியை ஓரமாகத் தள்ளி நிறுத்தச் சொன்னார். அடுத்தது உள்ளே வந்தது. மூக்கர் பழக்கத்தில் ஏணியைப் பிடித்தார். மேலாளர் அவர் கையை விலக்கிவிட்டுத் தானே ஏறினார். மூடியைத் திறந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"என்னமோ அடிக்குது," என்றார் மேலேயிருந்து. "இது எது?"

மூக்கர் ஏணியடியில் அண்ணாந்து நின்றார். வரிசையில் நின்ற லாரிகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டிரைவர்கள் இறங்கி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்தார்கள்.