நான்காம் தளம் பார்வையிடப்பட்டது

நகராட்சியின் கால்நடை நலக் குழுவில் ஐந்து உறுப்பினர்கள். கால்நடையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அது தட்டில் வந்து விழுந்த பிறகுதான். குழுவின் ஆறாவது ஆள் குறிப்பெழுத்தர். அவளுக்கு வாக்கு கிடையாது. நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக நடக்காததையும் சேர்த்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பழைய கப்பல் மேடை நகராட்சிக்குச் சொந்தம். அங்கிருந்து ஆடு ஏற்றிப் போகும் எந்தக் கப்பலும், குழு நேரில் ஏறி நான்கு தளங்களையும் பார்த்து, பார்த்ததைக் குறிப்பில் எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளம்பலாம். அந்தத் தாள் துறைமுக அதிகாரியின் மேஜைக்குப் போகாமல் கயிறு அவிழாது. இந்த விதியை எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருப்பார். உறுப்பினர்களைப் பார்த்திருக்க மாட்டார்.

அன்று காலை, எட்டாயிரம் ஆடுகள் ஏறி முடிந்திருந்த கப்பலுக்குக் குழு போனது. நகராட்சி வாங்கிக் கொடுத்த வெள்ளை ரப்பர் பூட்ஸை ஆறு பேரும் மாட்டிக்கொண்டார்கள். மேல் தளத்தில் படம் எடுத்தார்கள். தலைவர் ஓர் ஆட்டின் நெற்றியில் புறங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் எல்லோரையும் கேப்டனின் ஏசி அறைக்குக் கூட்டிப்போனார். பழச்சாறு வந்தது. துணைத்தலைவர் இரண்டாவது கிளாஸுக்குக் கை நீட்டும்போது அவள் படிவத்தை எடுத்தாள்.

“நாலாவது தளத்துல எத்தனை ஃபேன் ஓடுதுன்னு ஒரு கட்டம் இருக்கு சார்.”

“பதினாறுன்னு போட்டுக்குங்கம்மா,” என்றார் ஏஜென்ட். “போன தடவையும் அதானே போட்டீங்க?”

“ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்.”

“அங்க எதுக்கும்மா? படியெல்லாம் செங்குத்தா இருக்கும்,” என்றார் துணைத்தலைவர்.

“ஆடே இறங்கிப் போயிருக்கு சார்.”

யாரோ சிரித்தார்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “போயிட்டு வரட்டும் விடுங்கய்யா. வெட்டப்போற ஆட்டை நலம் விசாரிக்கணும்னு அம்மாவுக்கு ஆசை.”

அவளைக் கிளப்பியது கருணை என்று சொல்லிவிட முடியாது. ஐந்து வாய்கள் உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார முடியவில்லை.

பாதிப் படி இறங்கும்போதே கண் எரிந்தது. நான்காம் தளத்தில் மூத்திர நெடி சுவர்போல நின்றது. பூட்ஸ் கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது. அது சேறு அல்ல. பதினாறு ஃபேன்களில் ஐந்து ஓடின. தண்ணீர்த் தொட்டியில் புழுக்கை மிதந்தது. வாய் திறந்து, நாக்கு தொங்க, விலா படபடக்க, ஒன்றின் முதுகில் ஒன்று முகத்தை வைத்து நின்றன ஆடுகள். ஒன்று கீழே கிடந்தது. வேறு இடமில்லாததால் இரண்டு ஆடுகள் அதன்மேல் நின்றிருந்தன. அது இன்னும் சாகவில்லை.

எட்டாயிரம் ஆடுகளின் கப்பலில், இங்கே ஒன்றுகூடக் கத்தவில்லை.

பேசாமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி. வீட்டிலும் அலுவலகத்திலும் மணிக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள், அதைப் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறாள். இந்தத் தளத்தைத்தான் ஒன்பது வருடமாக, மேலேயே உட்கார்ந்துகொண்டு, ‘பார்வையிடப்பட்டது, திருப்தி’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். மேலே பழச்சாறு குடிப்பவர்கள்மேல் வந்த அருவருப்பு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவளிடமே வந்து நின்றது.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனாள். அவள் தங்கியிருப்பது அக்கா வீட்டில். அத்தான் லாரி ஓட்டுகிறார். அந்த எட்டாயிரத்தில் ஆயிரம் ஆடுகளாவது அவர் வண்டியில் வந்தவை.

“என்ன மச்சினி, சோறு இறங்க மாட்டேங்குது? கப்பல்ல விருந்தா?”

“கீழ்த்தளத்துக்குப் போனேன் அத்தான்.”

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார். “நான் கப்பல் வாசல்ல இறக்கி விட்டுட்டுத் திரும்பிடுவேன். உள்ள எட்டிக்கூடப் பாக்குறதில்ல.”

“ஏன்?”

“பாத்தா அடுத்த லோடு ஏத்த கை வராதே.”

அக்கா குழம்புக் கரண்டியோடு வந்தாள். “நீ பாட்டுக்கு எதையாவது எழுதி வச்சு வேலைக்கு உலை வச்சுக்காத. சொல்றதை எழுது. சம்பளம் கைக்குத்தான் தராங்க, கண்ணுக்கு இல்ல.”

“அவ எழுதினாத்தான் என்ன?” என்றார் அத்தான், தட்டை வழித்துக்கொண்டே. “எவன் படிக்கிறான்?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மோருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக் கூட்டத்துக்கு முன் குறிப்பு தயாராகிவிட்டது. ‘உறுப்பினர்கள் மேல் தளத்தை மட்டும் பார்த்தனர். மீதி நேரம் கேப்டன் அறையில் இருந்தனர். நான்காம் தளத்துக்குக் குறிப்பெழுத்தர் தனியாகச் சென்றார். பதினாறு ஃபேன்களில் ஐந்து ஓடின.’ வழக்கமான அதே முத்தெழுத்து.

கூட்ட அறையில் ஒரு நெடி அடித்தது. உறுப்பினர்களின் பூட்ஸ் வாங்கிய அன்று இருந்தமாதிரியே அலமாரியில் பளபளத்தது. அவளுடையது செய்தித்தாளில் சுற்றி மேஜைக்கடியில் இருந்தது.

“எலி செத்திருக்கும்,” என்றார் துணைத்தலைவர். ஜன்னலைத் திறந்தார்கள்.

“காலைக் குறிப்பைப் படிக்கட்டுமா சார்?” என்றாள்.

“படிச்சதா வச்சுக்கலாமா?” தலைவர் மற்றவர்களைப் பார்த்தார்.

“வச்சுக்கலாம், வச்சுக்கலாம்.”

“ஒரு பக்கம்தான் சார். படிச்சிடுறேனே.”

“எதுக்கும்மா தொண்டைத் தண்ணியை வத்த அடிக்கிறீங்க? உங்க எழுத்து அச்சு மாதிரியில்ல இருக்கும்.” தலைவர் பேனாவைத் திறந்து, அச்சு மாதிரி எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பியூன் தாளைத் துறைமுகத்துக்கு எடுத்துப்போனார்.

துறைமுக அதிகாரி அளவுகோலை வைத்து வரிக்கு வரி படிப்பவர். ஒன்பது வருடப் பொய்யையும் அப்படித்தான் படித்து, நம்பி, முத்திரை குத்தியிருந்தார். ஐந்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. கப்பல் கிளம்பாது.

தலைவர் அறையில் ஏஜென்ட்டும் நின்றிருந்தார், வியர்த்துப்போய்.

“என்னம்மா எழுதி வச்சிருக்கீங்க?”

“நீங்க கையெழுத்துப் போட்டதைத்தான் சார்.”

“படிக்காமப் போட்டுட்டோம்னு ஒரு கடுதாசி குடுத்துடலாமே,” என்றார் துணைத்தலைவர்.

“அதையும் குறிப்புல ஏத்தணுமா சார்?” என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். துணைத்தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரே வழிதான் சார்,” என்றார் ஏஜென்ட். “இப்பவே வந்து நாலு தளத்தையும் பாத்துடுங்க. துறைமுக அதிகாரியும் வந்து படிக்கட்டுல நிக்கிறேன்னு சொல்றாரு. புதுசா ஒரு குறிப்பு எழுதிட்டா கிளம்பிடலாம்.”

தலைவர் அவளைப் பார்த்தார். “எழுதுவீங்கல்ல?”

“நீங்க பாத்ததை எழுதுறேன் சார்.”

உறுப்பினர்களில் ஒருவருக்குத் திடீரென்று முழங்கால் வலி. இன்னொருவருக்கு வீட்டில் விருந்தாளி. கடைசியில் தலைவர் மட்டும் வெள்ளை பூட்ஸோடு இறங்கினார். அவள் பின்னால், கையில் படிவத்தோடு. காலையில் கீழே கிடந்த ஆடு இப்போது செத்திருந்தது. ஓரத்தில் நின்ற ஓர் ஆடு கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, தலைவரின் சட்டைக்கையில் மூச்சை விட்டது. அவர் கம்பியைப் பிடித்தார். குனிந்தார். காலையில் குடித்த பழச்சாறும் மதியம் தின்றதும் அவருடைய பூட்ஸிலேயே விழுந்தன.

மேல் தளத்துக் காற்றில் அவருக்குப் பேச்சு வரச் சற்று நேரமானது. “இறக்குங்க. கீழ இருக்கிறதை எல்லாம் இறக்குங்கய்யா.”

ஏஜென்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துறைமுக அதிகாரி பக்கத்தில் நின்றார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

பத்திரிகைக்காரர் வருவதற்குள் தலைவர் முகம் கழுவியிருந்தார். “எங்க குழு கண்ணுல எதுவும் தப்பாது,” என்றார். முழங்கால் வலிக்காரரும் விருந்தாளி வந்தவரும் படத்துக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

படம் முடிந்ததும் தலைவர் அவள் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழமையிலேந்து உங்களுக்குப் பிறப்பு இறப்புப் பிரிவும்மா.”

“சரிங்க சார். இதுல ஒரு கையெழுத்து.”

இந்த முறை அவர் படித்தார். உதடு அசைய, விரலை வைத்துப் படித்தார். ‘தலைவர் ஆறு பத்துக்கு நான்காம் தளத்தில் இறங்கினார். ஆறு பன்னிரண்டுக்கு மேலே வந்தார். ஆடுகளின் பயணம்: பதினொரு நாள்.’

“இந்தக் கடைசி வரி எதுக்கு?”

“படிவத்துல கட்டம் இருக்கு சார்.”

பின்னால் சரிவுப் பலகையில் முதல் ஆடுகள் தடுமாறி இறங்கிக்கொண்டிருந்தன. அத்தானின் லாரி பின்புறமாக வந்து நின்றது. தலைவர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.