டோக்கனுக்கு வைத்த பொட்டு

அர்த்தநாரீஸ்வரரின் அருள் திருச்செங்கோட்டில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும். கடைக்காரர் ஐம்பதுதான் சொன்னார். சின்னண்ணன் பத்தைக் குறைத்து, அசல் சந்தனம் என்று எழுதியிருந்த டப்பாவை வாங்கி வந்தார். ஆயுத பூஜையன்று ஆழ்துளைக் கிணறு போடும் தன் ரிக் லாரி, கம்ப்ரஸர், கல்லாப்பெட்டி, கால்குலேட்டர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்த பிறகும் அரை டப்பா மிச்சம். மிச்சத்தை வீணாக்குவது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

பூஜை கழிந்து மூன்றாம் நாள், மல்லசமுத்திரம் பக்கம் அறுபது போர் போடும் அரசு டெண்டருக்குக் கடைசி நாள். மூன்று மணி அடித்தால் ஆன்லைனில் கதவைச் சாத்திவிடுவார்கள். ரிக் வண்டி இரண்டு மாதமாக ஷெட்டில் சும்மா நின்றது. இதுவும் கைவிட்டுப் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

டெண்டரில் டிஜிட்டல் கையெழுத்துப் போட ஒரு டோக்கன் உண்டு. பார்த்தால் பென்டிரைவ் போலிருக்கும். அதைச் செருகினால்தான் கையெழுத்து விழும். பத்து மணிக்குச் சின்னண்ணன் செருகினார். திரை நீலமாகி, கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. எழுப்பி மறுபடியும் செருகினார். மறுபடியும் படுத்தது.

கணக்கெழுதும் மைதிலிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். பூஜையன்று ஆபீஸைப் பூட்டிப்போன பிறகு, கம்ப்யூட்டர் தானாகவே ஒரு அப்டேட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

சின்னண்ணனுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ஸ்பேனர்கூட ஓய்வெடுத்தது. இது மட்டும் யாரைக் கேட்டு வேலை செய்தது? சாமி குத்தம், சந்தேகமே இல்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தனப்பிரியா வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. செருகியிருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம் என்றாள். டோக்கனை மட்டும் நான்தான் செருகுவேன் என்றார் சின்னண்ணன். கையெழுத்தை அடுத்தவர் கையில் கொடுப்பதா? நியாயம்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிரிண்டரைக் கழற்றினார்கள். சின்னண்ணன் மேசைக்கடியில் குனிந்து செருகினார். படுத்தது. அடுத்து, சாமி படத்தைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் லைட். அதுவும் கம்ப்யூட்டரில்தான் கரண்ட் குடித்தது. அதைப் பிடுங்கக் கூடாது என்று சின்னண்ணன் மன்றாடினார். பத்து நிமிஷம் மட்டும் என்று பேரம் முடிந்து பிடுங்கினார்கள். அப்போதும் படுத்தது.

இனி அப்டேட்டை நீக்குவதுதான் பாக்கி. திரையில் சதவீதம் எறும்பாக ஊர்ந்தது. எழுபதில் வந்து நின்றதும் சின்னண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மணி, எழுபதுக்கே முடிச்சுக்கலாமுங்க. எதுக்கு நூறு வரைக்கும் இழுத்துக்கிட்டு?"

"கறி விலையாங்ணா பேசிக் குறைக்க? சும்மா இருங்க."

நூறு ஆகும்போது மணி இரண்டேகால். சின்னண்ணன் குனிந்து, சற்று நேரம் முணுமுணுத்துவிட்டுச் செருகினார். ஐந்தாம் முறையும் படுத்தது.

அப்டேட் போன பிறகும் படுக்கிறது என்றால் வியாதி வேறெங்கோ என்று யோசித்தபடி கீபோர்டில் கை வைத்தாள் தனப்பிரியா. என்டர் பட்டன் மஞ்சளாகப் பிசுபிசுத்தது. சின்னண்ணனின் விரலைப் பார்த்தாள். அதுவும் மஞ்சள்.

"அண்ணா, அந்த டோக்கனைக் கொஞ்சம் காட்டுங்க."

"கண்ணுல பாருங்க. கையில தொட வேண்டாம்."

உள்ளங்கையைத் திறந்தார். டோக்கனின் உலோக வாய் முழுக்க ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். முகூர்த்தத்துக்குக் கிளம்பிய மாப்பிள்ளை போல் இருந்தது. காலையில் டெண்டர் நாளென்று ஒரு பொட்டு வைத்தாராம். படுக்கப் படுக்க, சாமி இன்னும் சமாதானமாகவில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்றுக் கூட்டினாராம்.

"நாஞ் சொன்னனுங்களே, இந்தாளு அடியில குனிஞ்சு என்னமோ பண்றாருன்னு," என்றாள் மைதிலி. அவள் அப்படி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஈரச் சந்தனம் உள்ளே போய் ஷார்ட் ஆகிறது, துடைத்தே ஆக வேண்டும் என்றாள் தனப்பிரியா. சின்னண்ணன் கையை மூடிக்கொண்டார். காரியம் ஆரம்பிக்கும்போது பொட்டை அழிப்பதா? மணி இரண்டு நாற்பத்தொன்று. ஷெட்டில் நிற்கும் வண்டி கண்ணுக்குள் வந்து போனது. கடைசியில் டோக்கனின் உலோக வாயைத் துடைத்துக்கொள்ளலாம், பிளாஸ்டிக் முதுகில் ஒரு பொட்டு இருக்கலாம் என்று ஒப்பந்தமானது.

பல்குச்சியாலும் பஞ்சாலும் சுரண்டினாள். சந்தனம் அப்பிய பின்பக்க ஓட்டையை விட்டுவிட்டு முன்பக்கத்தில் செருகச் சொன்னாள். சின்னண்ணன் செருகினார். திரை நீலமாகவில்லை. இரண்டு ஐம்பத்தாறுக்குக் கையெழுத்து விழுந்தது. டெண்டர் போய்ச் சேர்ந்ததாக ரசீது வந்தது.

தனப்பிரியா சர்வீஸ் சீட்டு எழுதினாள். சின்னண்ணன் எட்டிப் பார்த்தார். இந்தச் சீட்டு மைதிலியின் ஃபைலுக்குப் போகும், அங்கிருந்து ஊருக்கே போகும்.

"அஞ்சு தடவை படுத்ததையும் சந்தனத்து தலையிலயே கட்டுனா எப்படிங்க அம்மணி? சந்தனத்துக்கு மூணு, அப்டேட்டுக்கு ரெண்டுன்னு போட்டுக்கலாம்."

"அப்டேட் ஒரு பாவமும் பண்ணலீங்ணா."

"பூஜையன்னைக்கு வேலை செஞ்சது பாவமில்லீங்களா? சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு அது பேர்ல எழுதுங்க."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடித்துத் திருத்தினாள்.

கம்ப்யூட்டர் படுத்தது: ஐந்து முறை. சந்தனத்தால் நான்கு, அப்டேட்டால் ஒன்று. கணக்கு நேர்.