பன்னிரண்டாம் பாயிண்ட்

மருமகள் மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பலகையின் அடிவயிறு, கொத்துக் கொத்தாக ஒயர்கள், அப்பால் மாமனாரின் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூக்கள். பொம்மை ரயிலுக்கு எதற்கு ஷூ என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

மாமனாரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பதவி உயர்வு அது. முப்பத்து நாலு வருஷம் ரயில்வேயில் இருந்தவர். விடுப்பு விண்ணப்பப் பிரிவில். தண்டவாளத்தைத் தொட்டதே ஓய்வு பெற்ற பிறகு, இந்த மாடி அறையில்தான். மருமகள் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு பாயிண்ட்டுக்கும் மோட்டார் பொருத்தி ஒயர் இழுத்தது அவள். “நீ மேல கீழ போறதைப் பாக்கறவ. இது நாலாப் பக்கமும் போற விஷயம்” என்று சீஃப் அவ்வப்போது நினைவுபடுத்துவார்.

ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் இடம்தான் பாயிண்ட். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு சின்ன டிகோடர் உண்டு. எல்லா டிகோடருக்கும் ஒரே ஜோடி ஒயரில்தான் கட்டளை வரும். தன் எண்ணைக் கேட்டால் மட்டும் அது அசையும். எண்ணைக் கற்றுக்கொடுக்க அதன் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். அதன் பிறகு ரிமோட்டிலிருந்து முதலில் எந்த எண் வருகிறதோ அதுவே அதன் எண். தப்பா சரியா என்று ஆராய அதற்கு மூளை கிடையாது.

மிஞ்சியிருந்தது பன்னிரண்டு, வாசல் பாயிண்ட். அது நேராக இருந்தால் ரயில் அறைக்குள்ளேயே சுற்றும். திரும்பினால், அறை வாசலுக்குக் குறுக்கே இருக்கும் கீல் பாலத்துக்குப் போகும். இன்று பாலத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள், வரப்போகிறவர் குனிந்து நுழைய முடியாதவர் என்பதால். பாலம் இல்லாத இடத்தில் இடுப்புயரத்துக்கு வெறும் காற்று, கீழே டைல்ஸ். பாலம் மேலே இருக்கும்போது அந்தத் தடத்துக்குக் கரண்ட் போகாமல் ஒரு சுவிட்ச் வைக்கிறேன் என்று அவள் போன மாதமே கேட்டாள். கவனம் இல்லாதவர்களுக்குத்தான் சுவிட்ச் தேவை என்று சீஃப் தள்ளிவிட்டார்.

வரப்போகிறவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பல் குடையும் கருவிகளை வைத்தே ஆறு வருஷமாகப் பித்தளையில் ஓர் எஞ்சின் செய்திருந்தார். அதை முடித்த கையோடு கைநடுக்கம் வந்துவிட்டது. இன்னொன்று செய்ய அந்தக் கை இனி விடாது. முதல் ஓட்டத்துக்கு இங்கே எடுத்து வருவதாக மருமகளுக்குத்தான் போன் செய்தார். “உங்க ஒயரிங்கை நம்பி எடுத்துட்டு வர்றேம்மா.” காலையிலிருந்து அந்த வார்த்தை அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“மாமா, பன்னெண்டு போடுங்க.”

மேலே சீஃப் அத்தைக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் டக் என்றது, விளக்கு அணைந்தது. எங்கோ தள்ளி இன்னொரு டக் கேட்ட மாதிரியும் இருந்தது. ஆச்சு, ஆச்சு என்றார் சீஃப். கூடவே வாசல் மணியும் அடித்தது. டாக்டர் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று அவள் ஊர்ந்து வெளியே வருவதற்குள் ஷூக்கள் படியிறங்கிவிட்டன, ரிமோட்டோடு.

எஞ்சின் தடத்தில் ஏறியது. டாக்டர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ரயில் என்பது ஒழுக்கம், ஒழுக்கம் என்பது நேரம் என்று சீஃப் ஆரம்பித்த உரை எஞ்சின் இரண்டு சுற்று சுற்றியும் தீரவில்லை. அது வாசலைத் தாண்டும்போதெல்லாம் மருமகளின் கண் பன்னிரண்டாம் பாயிண்ட்டுக்கே போனது. அந்த இரண்டாவது டக் காதுக்குள்ளேயே இருந்தது.

மெதுவாக அத்தை பக்கம் நகர்ந்தாள். “அத்தை, நான் அடியில இருந்தப்ப மாமா உங்ககிட்ட என்ன காட்டிட்டிருந்தாரு?”

“ஸ்டேஷனுக்குள்ள வண்டி எப்படி நுழையும்னு. ஏழாம் நம்பராம். நான் எங்கடி கேட்டேன்?”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது முதலில் போன எண் ஏழு. வாசல் பாயிண்ட் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. இனி ஏழை அழுத்தினால் இரண்டும் திரும்பும்.

சீஃப் தொண்டையைச் செருமினார். “அன்பார்ந்த பயணிகளே, வண்டி இப்போது முதலாம் பிளாட்பாரத்துக்கு வருகிறது.”

“மாமா, ஏழைத் தொடாதீங்க.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். வெளியாள் முன்னால், மருமகள் வாயால். சீஃப்பின் கட்டைவிரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு, மானம் பெரிதென்று முடிவு செய்து அழுத்தியது.

டக். ஸ்டேஷனில் ஒன்று, வாசலில் ஒன்று.

மேசை மூலையில் செய்து வைத்திருந்த குகையிலிருந்து எஞ்சின் வெளியே வந்தது. வாசல் பாயிண்ட்டுக்கு நாலு சாண் தூரம். ரிமோட் சீஃப் கையில், நடுவில் மேசை, கை நீட்டினாலும் எட்டாது. லிஃப்டில் எது நடந்தாலும் முதலில் கரண்ட்டை வெட்டு, காரணத்தைப் பிறகு கேள் என்பதுதான் அவள் தொழில். எஞ்சின் பாயிண்ட்டில் ஏறி வாசல் பக்கம் திரும்பியது. கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைத் தன் முன்னால் இருந்த இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்து அழுத்தினாள். பொறி பறந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி கீச்சிட்டுக் கரண்ட்டை வெட்டியது. அறையில் அத்தனையும் நின்றது.

எஞ்சினின் முன்சக்கரங்கள் இரண்டும் காற்றில் இருந்தன.

டாக்டர் எழுந்துபோய் அதை இரு கைகளாலும் பின்னுக்கு இழுத்தார். நடுக்கத்தில் பித்தளை தண்டவாளத்தில் தட்டிக்கொண்டே வந்தது.

அவசரகால பிரேக் சோதனை திருப்திகரமாக முடிந்தது என்று சீஃப் அறிவித்தார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் டாக்டர் மருமகளிடம், சீஃப்பைப் பார்க்காமலே.

“பன்னெண்டு தன்னை ஏழுன்னு கத்துக்கிச்சு, டாக்டர்.”

“யாரு கத்துக்கொடுத்தா?”

சீஃப் விட்டத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மருமகள் அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி டாக்டரிடம் கொடுத்தாள்.

“நான் சொன்னதும் பன்னெண்டு போடுங்க, ஒண்ணும் ரெண்டும். மாமா, நீங்க கையைப் பின்னால கட்டிக்கங்க.”

மறுபடி மேசைக்கு அடியில் போனாள். சிவப்பு. சொன்னாள். மேலே விரல் பொத்தானைத் தேடித் தடுமாறுவது அவளுக்குக் கேட்டது. ஒருமுறை வழுக்கியது, நின்றது, மறுபடி தேடியது. ஷூக்கள் ஓர் அடி முன்னால் வந்தன. “நகராதீங்க” என்றாள் அத்தை. ஷூக்கள் பின்வாங்கின.

டக். தலைக்கு மேலே, ஒன்றே ஒன்று.

“இப்ப ஏழு போடுங்க, டாக்டர்.”

தூரத்தில், ஸ்டேஷன் பக்கம் மட்டும் கேட்டது. அவள் அப்படியே கிடந்தபடி காத்திருந்தாள், இரண்டாவது வராது என்று நிச்சயமாகும்வரை.