நாற்பத்தொன்றாம் எண் சின்னம்

1999 மார்ச் 23, செவ்வாய்க்கிழமை. குடவாசல் வட்டம் கீழவெண்ணங்குடியில், புல எண் 114/2இல், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு வைக்கோல் போர் இருந்தது.

அரசுப் பட்டியலின்படி அங்கே இருக்க வேண்டியது வேறு. 1927இல் தயாரான பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில், நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே, "மேட்டின் மேல் செங்கல் அடித்தளம், ஏழு வரிக் கல்வெட்டு ஒன்று" என்றிருந்தது.

வட்டத்தில் உள்ள சின்னங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அளந்து, படமெடுத்துப் படிவம் நிரப்புவது தொல்லியல் துறையில் ஃபிளோராவின் வேலை. ஆறு மாத ஒப்பந்தம், மார்ச் 31 வரை. மற்ற இடங்களையெல்லாம் முடித்துவிட்டார். மார்ச் 31க்குள் கிடைக்காத சின்னம் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அப்படி நீக்கினால் இந்த மேடு மிஞ்சாது. நிலத்தின் சொந்தக்காரர் சதீஷ் சிங்கப்பூரில் இருந்தார். புறவழிச்சாலைக்கு மேட்டு மண்ணை வெட்டிக்கொள்ள எழுதிக் கொடுத்திருந்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் லாரி வருவதாக ஊரில் பேச்சு.

கிராம நிர்வாக அலுவலர் ஜெய்னுலாபுதீன் புலப்படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அளவு சரியாத்தான் மேடம் இருக்கு. ஆனா கல்வெட்டு எங்க? உங்களுக்கு முன்னால மூணு பேர் வந்து, இல்லைன்னு எழுதிட்டுத்தான் போனாங்க. நீங்களும் எழுதிட்டா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திருவாரூர் போயிடலாம்."

அந்த மூன்று அறிக்கைகளின் நகல்களும் ஃபிளோராவின் பையில் இருந்தன. டி.வி.எஸ். மொபெட்டின் சீட்டில் அவற்றைப் பரப்பினார். 1958, 1974, 1988. மூன்றிலும் ஒரே வாசகம்: "சின்னம் காணப்படவில்லை." முதல் தடவை படித்தபோது கவனிக்காத தேதிகளை இப்போது பார்த்தார். மார்ச் 19. மார்ச் 26. மார்ச் 28.

"சார், சம்பா அறுவடை எப்ப முடியும்?"

"தை, மாசி."

"போர் எப்ப போடுவாங்க?"

"அறுப்பு முடிஞ்ச கையோட."

"நிதியாண்டு முடியறதுக்குள்ள கணக்குக் காட்டணும்னு எங்க ஆளுங்க மார்ச்லதான் கிளம்புவாங்க. நானும் அப்படித்தான் வந்திருக்கேன். மார்கழிக் கடைசியில, வைக்கோல் தீர்ற சமயத்துல யாராவது வந்திருந்தா வெறும் மேட்டைப் பார்த்திருப்பாங்க."

ஜெய்னுலாபுதீன் போரை அண்ணாந்து பார்த்தார்.

நிலத்தைக் குத்தகைக்கு உழும் பக்கிரி மாட்டைக் கட்டிவிட்டு வந்தார். அறுபது வயதிருக்கும். "என்னா சார், கவர்மெண்டுல வைக்கோல் எண்ற வேலையும் வந்துடுச்சா?"

"ஐயா, இந்தப் போருக்கு அடியில என்ன இருக்கு?" என்றார் ஃபிளோரா.

"கல்லு."

"கல்லா?"

"கல்லு இல்லாம போர் போடுவாங்களா? ஈரம் ஏறி அடி அழுகிப் போயிடும்ல. எங்கப்பா காலத்துலேருந்து இங்கதான் போடுறோம். ஊர்லயே மேடு இதான். அடியில செங்கல்லு, நடுவுல ஒரு பலகைக்கல்லு. அதுல ஏதோ கிறுக்கியிருக்கும்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா? ஜீப்புல வருவாங்க, இளநி குடிப்பாங்க, போவாங்க."

போரைப் பிரித்துத் தள்ளிப் போட வேண்டும் என்று ஃபிளோரா சொன்னதும் பக்கிரியின் முகம் மாறியது. போட்ட போரை யாரும் கலைப்பதில்லை. பக்கத்திலிருந்து உருவித்தான் மாட்டுக்குப் போடுவார்கள். கலைத்தால் வேய்ந்த கூரை போகும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். நாலு மாட்டுக்கு ஒரு வருடத் தீனி அது.

"எடுத்துப் பாத்துட்டு அதே இடத்துல போட்டுக் குடுப்பீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்போதே வேலை தொடங்கியிருக்கும்.

"இல்லைங்க ஐயா. கல் இருந்துட்டா இனி இந்த மேட்டுமேல எதுவும் போட முடியாது. வேற இடம்தான் பார்க்கணும். எடுத்தப்புறம் சொன்னா அது ஏமாத்துறது. அதான் இப்பவே சொல்றேன்."

"அப்ப நடையக் கட்டுங்க."

பக்கிரி திரும்பி நடந்தார். பத்தடி போவதற்குள் அவர் மனைவி வள்ளியம்மை குறுக்கே வந்து நின்றார். கையில் அரிவாள், இடுப்பில் புல்லுக்கட்டு.

"எங்க போற? அடுத்த வாரம் லாரிக்காரன் வந்தா மட்டும் போரு இங்க இருக்குமா? மேட்டையே அள்ளிக்கிட்டுப் போவான். அப்பறம் நம்ம நடவு வயலுக்குப் பக்கத்துல குளம்தான் நிக்கும். அந்தப் பள்ளத்துல வைக்கோலப் போட்டு மீன் வளப்பியா?"

"நீ சும்மா இருடி."

"அந்தப் பொண்ணாவது மூஞ்சிக்கு நேரா சொல்லுது. சிங்கப்பூர்க்காரன் உன்னைய ஒரு வார்த்தை கேட்டானா?"

பக்கிரி வயலுக்குக் கிழக்கே ஓடிய வாய்க்காலைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டினார். "கெழக்கு வாய்க்கா கரையில போடுவோம். கூரை நான்தான் வேய்வேன். வேற எவனும் ஏறக்கூடாது."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூவம்மாளும் அவருடைய நடவு கோஷ்டியும் வந்தார்கள், பதினோரு பெண்கள். ஃபிளோராவும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கட்டுத் தூக்கினார். கழுத்திலும் கையிலும் சுணை அரித்தது.

"மேடம் தூக்குற கட்டு கன்னுக்குட்டிக்கே பத்தாது," என்றார் பூவம்மாள். அடுத்த நடையில் ஃபிளோரா இரண்டு கட்டு தூக்கினார். பாதி வழியில் ஒன்று அவிழ்ந்து கொட்டியது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

மூன்று மணிக்குச் செங்கல் தெரிந்தது. உள்ளங்கையைவிட அகலமான, மெல்லிய பழைய செங்கல். நான்கு மணிக்குப் பலகைக்கல்லின் மேலிருந்த கடைசி வைக்கோலைப் பக்கிரியே கையால் ஒதுக்கினார். ஃபிளோரா தென்னை ஈர்க்கால் மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றித் துடைத்து, விரலை வைத்து எண்ணினார். ஆறு வரிகள்தான் இருந்தன.

ஜெய்னுலாபுதீன் குனிந்தார். "பட்டியல்ல ஏழுன்னு போட்டிருக்கே மேடம்?"

ஃபிளோரா கல்லின் கீழ் ஓரத்தில் மண்வெட்டியை வைத்து இன்னும் நான்கு விரற்கடை மண்ணை எடுத்தார். ஏழாவது வரி அங்கே இருந்தது.

ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்தார். நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்தார். ஜெய்னுலாபுதீன் சங்கிலி பிடித்து எல்லை அளந்து புலப்படத்தில் குறித்தார். சாட்சி இடத்தில் பக்கிரி கையெழுத்துப் போட்டார், வள்ளியம்மை கைநாட்டு வைத்தார்.

படிவம் மார்ச் 29 அன்று தஞ்சாவூர் அலுவலகத்தில் சேர்ந்தது. நாற்பத்தொன்றாம் எண் பட்டியலில் நீடித்தது. மண் வெட்டும் அனுமதி ரத்தானது. ஃபிளோராவின் ஒப்பந்தம் 31ஆம் தேதி முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. வாய்க்கால் கரையில் போட்ட போரில் அடிப்பாகம் கால்வாசி அந்த ஐப்பசி மழையில் அழுகியது. அடுத்த தை மாதம் பக்கிரி அதே கரையில் பனங்கட்டை அடுக்கி, அதன் மேல் போர் போட்டார்.